ஆண்டறிக்கையில் வராத எண்கள்: ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டு

ஆண்டு விழா மேடையில் தலைமையாசிரியர் வாசிக்கும் அறிக்கை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பள்ளி தொடங்கிய ஆண்டு, தரம் உயர்ந்த ஆண்டு, மாணவர் எண்ணிக்கை, கலைத் திருவிழாவில் மாவட்டம் வரை போனவர்கள், திறனறித் தேர்வில் தேறியவர்கள், புரவலர்களுக்கு நன்றி. நடுவில் ஒரு வரிக்கு மட்டும் கைதட்டல் எழும்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு. பள்ளி வாசல் பிளெக்ஸிலும் அதே எண். ஓராண்டில் அந்தக் கட்டடத்துக்குள் நடந்ததைப் பற்றி அது சொல்வது கொஞ்சம், மறைப்பது நிறைய.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டின் ஊரகப் பகுதியில் பரவலாக உள்ள சிறிய அரசு உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை வகுப்புக்கு ஒரு பிரிவு. தலைமையாசிரியர் ஒருவர், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டதாரி ஆசிரியர். மொத்தம் ஏறத்தாழ 200 பிள்ளைகள், பத்தாம் வகுப்பில் 42 பேர். இந்த 42-ம் இதன் கிளைக் கணக்குகளும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்தப் பள்ளியின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. மாநில அளவிலான எண்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிட்டவை.

மாநிலத்தின் நான்கு ஆண்டுகள்

கொரோனா காரணமாக 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்புக்குத் தேர்வு இல்லை, எல்லோரும் தேர்ச்சி. மீண்டும் தேர்வு நடந்த 2022-இல் 9,12,620 பேர் எழுதி 8,21,994 பேர் தேறினார்கள்: 90.07 விழுக்காடு. 2023-இல் 91.39, 2024-இல் 91.55, 2025-இல் 93.80. அரசுப் பள்ளிகளை மட்டும் பிரித்தால் இதே நான்கு ஆண்டுகளில் 85.25, 87.45, 87.90, 91.26.

இரண்டு வரிசைகளையும் கழித்துப் பாருங்கள். மாநிலச் சராசரிக்கும் அரசுப் பள்ளிக்கும் இடைவெளி 4.82, 3.94, 3.65, 2.54 என்று ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியிருக்கிறது. அரசுப் பள்ளி ஏறியதா என்பதற்கு இந்த இடைவெளிதான் நல்ல சான்று. வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லோரும்தான் ஏறுவார்கள்.

வினாத்தாளின் கை எவ்வளவு நீளம் என்பதற்குக் கணிதம் போதும். 2024-இல் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். 2025-இல் 1,996 பேர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கணிதத் தேர்ச்சி 96.78-இலிருந்து 96.57-க்குத்தான் இறங்கியது. சென்டம் எண்ணிக்கை வினாத்தாளைப் பொறுத்து ஆடும். அடிமட்டத் தேர்ச்சி அப்படி ஆடாது. ஆகவே "சென்ற ஆண்டு கணக்கில் நான்கு சென்டம், இந்த ஆண்டு ஒன்றுகூட இல்லையே" என்று கணித ஆசிரியரைக் கூட்டத்தில் நிற்கவைப்பது வீண்.

இன்னொரு கணக்கும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. 2024-இல் பாடவாரித் தேர்ச்சி: தமிழ் 96.85, ஆங்கிலம் 99.15, கணிதம் 96.78, அறிவியல் 96.72, சமூக அறிவியல் 95.74. எந்தப் பாடத்திலும் தோல்வி 5 விழுக்காட்டைத் தொடவில்லை. ஆனாலும் மொத்தத் தோல்வி 8.45. ஐந்து பாடத் தோல்விகளையும் கூட்டினால் 14.76 வரும். அதை 8.45-ஆல் வகுத்தால் தோற்ற பிள்ளை ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்றே முக்கால் பாடத்தில்தான் தோற்றிருக்கிறது. ஐந்திலும் விழுந்தவர்கள் அரிது. ஒன்றிலோ இரண்டிலோ வழுக்கியவர்களே பெரும்பாலோர். அந்த ஆண்டு அதிகம் பேரை வீழ்த்தியது கணக்கு அல்ல, சமூக அறிவியல் என்பதையும் கவனிக்க வேண்டும். கணக்குக்கும் அறிவியலுக்கும் மட்டும் மாலை வகுப்பு வைத்துவிட்டு, "சோசியல்தானே, படித்துக்கொள்வான்" என்று விட்ட இடங்களில் அடி விழுவது இப்படித்தான்.

கீழே எந்த எண்

விழுக்காடு என்பது பின்னம். எல்லோரும் மேலே உள்ள எண்ணையே பார்க்கிறார்கள். சூட்சுமம் கீழே உள்ள எண்ணில் இருக்கிறது.

நமது 42 பேரில் 2 பேர் தேர்வுக்கே வரவில்லை. எழுதிய 40 பேரில் 37 பேர் தேர்ச்சி. தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவர்களை வைத்தே கணக்கிடப்படுவதால் பிளெக்ஸில் 92.5 வரும். பெயர்ப் பட்டியலில் இருந்த 42-ஆல் வகுத்தால் 88.1.

இன்னும் பின்னால் போகலாம். ஐந்தாண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 48 பேர். இடையில் 9 பேர் போனார்கள், 3 பேர் புதிதாக வந்தார்கள். போன ஒன்பதில் 5 பேர் டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்தது, பிள்ளைகளின் விவரம் பதியும் பள்ளிக்கல்வித் துறை இணையதளமான எமிஸில் தெரிகிறது. மீதி 4 பேர் எங்கும் சேரவில்லை. வேறு பள்ளிக்குப் போன ஐவரைக் கழித்தால் இந்தப் பள்ளி பொறுப்பேற்க வேண்டியது 43 பேருக்கு. புதிதாக வந்த மூவரும் தேறிவிட்டதாகக் கொண்டால், அந்த 43-இல் தேறியவர்கள் 34 பேர். 79.1 விழுக்காடு.

92.5, 88.1, 79.1 மூன்றும் ஒரே பள்ளி, ஒரே ஆண்டு. ஆண்டறிக்கையில் முதலாவது மட்டும் வரும். 79.1-ஐ வாசிக்கும் தலைமையாசிரியர் அபூர்வம். மேடையில் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுப்பதால் ஒரு கோணல் வருகிறது: தேற மாட்டான் என்று தோன்றும் பிள்ளை வராமல் போனால் விழுக்காடு உயரும். 42 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் மதிப்பு 2.38 விழுக்காடு. "நூறு காட்டு" என்ற நெருக்கடி கூடும்போது சில பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துக்கட்டுவதும், டி.சி. கொடுத்து அனுப்புவதும், தனித்தேர்வராக எழுதச் சொல்வதும் இதனால்தான். எழுத்தில் எங்கும் இருக்காது. "இங்கே இவனுக்குச் சரிப்படாது, வேறு இடம் பாருங்கள்" என்று பெற்றோரிடம் வாய்வார்த்தையாக முடிந்துவிடும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாளுக்கு 50,674 பேர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே உலுக்கியது. பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களின் பெயரும் பட்டியலில் தொடர்ந்து இருந்தது அதற்கு ஒரு காரணம். இருக்கும் பிள்ளையை நீக்குவது ஒரு பொய். இல்லாத பிள்ளையை வைத்திருப்பது இன்னொன்று.

இதைப் பிடிக்க எளிய வழி எமிஸின் காமன் பூல். டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் விவரம் அங்கே போகும். வேறு பள்ளி சேர்த்துக்கொண்டதும் அங்கிருந்து எடுக்கப்படும். ஜூலை முடிவிலும் நம் பள்ளிப் பிள்ளையின் பெயர் காமன் பூலிலேயே கிடந்தால், அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். வகுப்பாசிரியர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பட்டியல் கையில் இருக்கும். செப்டம்பருக்குத் தள்ளினால் பிள்ளை அதற்குள் திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

முப்பத்தைந்து எங்கிருந்து வருகிறது

பாடத்துக்கு 100, தேர்ச்சிக்கு 35. அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25; எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 வேண்டும். செய்முறையில் 25 முழுதாக வாங்கியவனும் எழுத்தில் 19 என்றால் தோல்வி. கூட்டிப் பார்த்து 44 வருகிறதே என்று பெற்றோர் சண்டைக்கு வருவது இதனால்தான். மே மாதம் விளக்குவதைவிட ஜனவரியில் சொல்லிவிடுவது நல்லது.

கணித வினாத்தாளின் அமைப்பு: ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, அதாவது 20 மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினா 10, அதாவது 50, கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு. அந்த இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். மெல்லக் கற்கும் பிள்ளையிடம் ஆசிரியர் முதலில் பிடிப்பது இந்தப் பதினாறைத்தான். புத்தகப் பின்பக்க ஒரு மதிப்பெண்ணில் பத்து, பதினாறில் பன்னிரண்டு, இரண்டு மதிப்பெண்ணில் ஏழெட்டு வினா சரியாக வந்தாலே 35 தாண்டிவிடும்.

பதினாறும் எளிது என்று பேச்சு, நழுவுவதும் அங்கேதான். y = x² − 4x + 3 என்ற வரைபடத்தை எடுங்கள். x-க்கு −1 முதல் 5 வரை கொடுத்தால் y-க்கு 8, 3, 0, −1, 0, 3, 8 வர வேண்டும். பிள்ளை முதல் நிரலிலேயே சறுக்கும். (−1)² என்பதை −1 என்று எழுதினால் 8-க்குப் பதில் 6. −4x-இல் குறியை மறந்து −4 போட்டால் 8-க்குப் பதில் 0. மற்ற ஆறு புள்ளிகளும் சரியாக இருக்கும். இடது ஓரத்தில் மட்டும் வளைவு மடங்கி நிற்கும். பிள்ளை அதையும் விடாமல் இணைத்து அடுத்த பக்கம் போய்விடும்.

இதற்கு மருந்து பத்து வரைபடம் கூடுதலாகப் போடுவது அல்ல. அட்டவணை முடிந்ததும் y வரிசையை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். 8, 3, 0, −1, 0, 3, 8: எப்படி வாசித்தாலும் ஒன்றாக வர வேண்டும். 6, 3, 0 என்று தொடங்கி 0, 3, 8 என்று முடிந்தால் தப்பு எங்கே என்று பிள்ளையே விரலை வைத்துவிடும். எல்லா இருபடி வரைபடத்திலும் x-க்குக் கொடுத்த வீச்சு வளைவின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக இருக்காது. அப்போது முனைப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் எண்ணி ஒப்பிடப் பழக்க வேண்டும். அளவுத்திட்டம் எழுதாமல் விடுவது, அச்சுகளுக்கு x, y என்று குறிக்காமல் விடுவது, பென்சில் முனை மழுங்கிப் புள்ளி பட்டாணி அளவுக்கு விழுவது எல்லாம் இதற்கு அடுத்த வரிசைப் பிழைகள்.

தேர்ச்சிக்குப் போதுமான வினாக்களை மட்டும் தொகுத்து "மினிமம் மெட்டீரியல்" என்று நாற்பது ஐம்பது பக்க நகல் ஒன்று எல்லாப் பள்ளியிலும் சுற்றும். பிப்ரவரியில் அது தேவைதான், மறுக்க முடியாது. அக்டோபரிலேயே அதைக் கையில் கொடுத்தால் பிள்ளை புத்தகத்தைத் திறப்பதை நிறுத்திவிடும். 35 வாங்கித் தேறி, பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதமே திணறும். 2025-26 முதல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் அந்தத் திணறல் இனி இரண்டாண்டு கழித்துத்தான் வெளியே தெரியும்.

ஜூன் முதல் மார்ச் வரை

மெல்லக் கற்கும் பிள்ளைகளின் பட்டியல் பெரும்பாலான பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில்தான் எடுக்கப்படுகிறது. பிந்திவிட்டது. ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் ஏப்ரலிலேயே கையில் இருக்கிறது. ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: எந்தப் பாடத்தில் எத்தனை குறைந்தது, சென்ற ஆண்டு எத்தனை நாள் வந்தது, தமிழைத் தடையின்றி வாசிக்குமா. கடைசிக் கேள்வியைக் கேட்கவே பலருக்குக் கூச்சம். பத்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும். அந்தப் பிள்ளை சமூக அறிவியலில் தோற்பது வரலாறு தெரியாமல் அல்ல, வினாவை வாசிக்க முடியாமல். அதற்குத் தமிழாசிரியரின் தினசரி இருபது நிமிடம் வேண்டும். சோசியல் சிறப்பு வகுப்பு எத்தனை வைத்தாலும் உதவாது.

பட்டியலைப் பாடவாரியாக ஐந்து தாளாகப் போடாமல் பிள்ளைவாரியாக ஒரே தாளாகப் போட வேண்டும். ஒன்றே முக்கால் பாடக் கணக்கு இங்கேதான் பயன்படும். ஐந்து ஆசிரியரும் தனித்தனிப் பட்டியல் வைத்தால் ஒரே பிள்ளையை ஐவரும் மாலையில் இழுப்பார்கள். எந்தப் பாடத்தில் விழுமோ அதற்கு நேரம் இருக்காது.

மாலைச் சிறப்பு வகுப்பு தோற்பதற்குப் பாடம் காரணமாக இருப்பது குறைவு. கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு என்றால், வகுப்பு ஐந்தரைக்கு முடிவதாக அறிவித்த அன்றே மூன்று ஊர்ப் பிள்ளைகள் கழன்றுகொள்வார்கள். பெண் பிள்ளைகள் முதலில் போவார்கள். மதியச் சத்துணவு பன்னிரண்டரைக்கு. அதன்பின் ஐந்து மணி நேரம் வெறும் வயிறு. சுண்டலும் டீயும் இருந்தால் வருகை நிலைக்கும். 40 பேருக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் நாளுக்கு ஒன்றேகால் கிலோ கடலை போதும். முதல் நாள் இரவே ஊறப்போடச் சத்துணவு அமைப்பாளரிடம் சொல்லி வைக்க வேண்டும். இதற்கு அரசு நிதித் தலைப்பு தேடி அலைவதைவிட முன்னாள் மாணவரிடம் கேட்பது வேகம். காலை வகுப்பு மாற்றுவழி. ஆனால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலியானால் மொத்தத் திட்டமும் சாயும். இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் அந்த ஒருவர் தலையில். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமித்துக்கொள்ள அனுமதி வரும்போது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் ரூ.15,000 தொகுப்பூதியம். அனுமதிக்குக் காத்திருக்கும் வாரங்களில் ஆளைத் தேடி வைத்திருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலைப் பற்றி ஒரு சொல். பிள்ளையின் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, தமிழ் எழுத்துக்கூட்டு எல்லாம் எமிஸிலிருந்து நேராக அதற்குப் போகிறது. அங்கிருந்து மதிப்பெண் சான்றிதழுக்கு. "சரவணன்" "சரவனன்" ஆகிவிட்டால் பாஸ்போர்ட் வரை துரத்தும். பட்டியலை அச்செடுத்து, பெற்றோர் ஒவ்வொருவரையும் பிறப்புச் சான்றிதழோடு வரவழைத்து, பேனாவால் டிக் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். பிள்ளையிடம் கொடுத்து "வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வா" என்றால் கையெழுத்து வரும், திருத்தம் வராது.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரக் கூடுதல், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்று வாங்க மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இரண்டு மூன்று நடை ஆகும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை "படிக்க மாட்டான்" என்றே ஐந்தாண்டு தள்ளிவிட்டு, டிசம்பரில் சான்றுக்கு ஓடினால் நாள் கிடைக்காது. ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய வேலை இது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேராக அமைந்த குழு, 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்பின்போது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேரானது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம்.

சட்டத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நடப்பில், கூலிவேலைக்குப் போகும் தாய்க்கு அரை நாள் கூலி போகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலான கூட்டங்கள் சுற்றுச்சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்ற மூன்றில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. அவை வேண்டாம் என்றில்லை. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.50,000, அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. அதை வைத்துச் சுற்றுச்சுவர் எழாது. அதற்குமேல் 2024-25-இல் சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ரூ.2,152 கோடி, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராத விவகாரத்தில் ஒன்றிய அரசிடமே நின்றது. கட்டடக் கோரிக்கையை ஒரு தீர்மானமாக எழுதி ஊராட்சிக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டு, மீதி ஒரு மணி நேரத்தைக் குழு மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு வைப்பது புத்திசாலித்தனம்.

அந்த வேலை, வராத பிள்ளை. கூட்டத்துக்குத் தலைமையாசிரியர் கொண்டுவர வேண்டியது ஒரு சின்னத் தாள்: அந்த மாதம் தொடர்ந்து பத்து நாள் வராதவர்கள் யார், எந்தத் தெரு. ஆறு பெயர் என்றால் ஆறுக்கும் நேராக யார் போவது என்று அங்கேயே எழுத வேண்டும். ஆசிரியர் போனால் வீட்டில் "காய்ச்சல் சார்" என்பார்கள். அதே தெருவில் இருக்கும் குழு உறுப்பினர் அக்கா போனால் "அவன் அப்பாவுக்குக் கை ஒடிஞ்சு கிடக்கு, ஆட்டை யார் மேய்க்கிறது" என்று உண்மை வரும். ஆட்டுக்கு வேறு ஏற்பாடு பேச முடியும். காய்ச்சலுக்கு என்ன பேசுவது?

பதினைந்து வயதுப் பெண் திடீரென்று நின்றால் காரணம் கல்யாணமாக இருக்கலாம். தாமதம் கூடாது: குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். யார் சொன்னது என்று ஊரில் தெரிந்துவிடும் என்ற அச்சம் உள்ளூர் உறுப்பினருக்கு இருக்கும். அதனால் இந்த அழைப்பைத் தலைமையாசிரியர் செய்வதே சரி, தீர்மானப் பதிவேட்டில் பெயர் எழுதவும் வேண்டாம்.

கிராம சபையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 15 கூட்டம் வரும்போது துணைத் தேர்வு முடிவுவரை எல்லாம் கையில் இருக்கும். அங்கே மேலே சொன்ன மூன்று விழுக்காடுகளையும் வாசித்து, எங்கும் சேராத பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொன்னால், பெயர் சொல்லாமலே ஊருக்குப் புரியும்.

ஆயிரம் ரூபாய்க் கணக்குகள்

உதவித்தொகைத் தேர்வுகளில் சிறிய பள்ளிக்குக் கைக்கு எட்டுவது எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறனறித் தேர்வு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ரூ.1,000, நான்கு ஆண்டில் ரூ.48,000. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். தோல்வி பெரும்பாலும் மனத்திறன் பகுதியில் வரும்; எண் தொடர், ஒப்புமை, திசை, கண்ணாடிப் பிம்பம் எல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. ஜூலையிலிருந்து வாரத்துக்கு இரண்டு பாடவேளை கொடுத்தால் போதும். ஒன்பதாம் வகுப்புக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வில் வருவாய் மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண் பிள்ளைகள் தேர்வாகிறார்கள். தொகை ஆண்டுக்கு ரூ.1,000. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. ஆனாலும் போட்டித் தேர்வு அறைக்குள் போய் உட்காரும் பழக்கம் அங்கே கிடைக்கிறது. தேறிய பிறகு தொகை வராமல் போவதற்குப் பொதுக் காரணம் வங்கிக் கணக்கில் ஆதார் இணையாதது.

உயர்நிலைப் பள்ளி ஊருக்குச் சொல்ல வேண்டிய மிகப் பெரிய செய்தி மே மாதத்தில் இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலும் சொல்லத் தவறுகிறார்கள். பத்தாம் வகுப்போடு இந்தப் பள்ளி முடிகிறது. 450 வாங்கிய பிள்ளையைத் தேடித் தனியார் மேல்நிலைப் பள்ளியின் வேன் ஊருக்குள் வரும், கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்பார்கள். பெற்றோருக்கு அது கௌரவம். ஆனால் கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் இது நடப்பில் இருக்கிறது. கல்லூரியில் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளிப் படிப்பையோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் படிப்பையோ வைத்தே நிற்கின்றன. ஐந்தாண்டு அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டாண்டுக்கு வெளியே போகிற பிள்ளை அந்த ஒதுக்கீட்டைக் கைவிட்டுத்தான் போகிறது. முடிவு வந்த மறுநாளே பெற்றோரைக் கூட்டிச் சொல்ல வேண்டும், டி.சி. கேட்டு வரும் நாளில் சொன்னால் முன்பணம் கட்டியிருப்பார்கள்.

கலைத் திருவிழா, அறிவியல் செய்முறைக்கான வானவில் மன்றம், மாணவர் குழுக்களுக்கான மகிழ் முற்றம் இவை ஆண்டறிக்கையில் தாமாகவே இடம்பிடித்துக்கொள்ளும். ஒன்று மட்டும்: கலைத் திருவிழாவில் எல்லா ஆண்டும் அதே நான்கு பிள்ளைகள் போனால், அது அந்த நால்வருக்கான திட்டம்.

ஜூலையில் ஒரு தேர்வு

மே மாதம் முடிவு வந்ததும் தோற்ற 3 பேர், வராத 2 பேர் ஆகிய ஐவருக்கும் துணைத் தேர்வு இருக்கிறது. 2025-இல் அது ஜூலை முதல் பாதியில் நடந்தது. விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு. அந்த நாட்களில் பள்ளி விடுமுறை. பிள்ளை முகம் காட்டாது. இந்த ஐவரை விடுமுறையில் யார் தொடர்புகொள்வது என்று ஏப்ரல் கடைசி வேலைநாளிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு பாடம் என்றால் மூன்று வாரப் பயிற்சி போதும். தேறினால் அதே ஆண்டே பதினொன்றிலோ ஐ.டி.ஐ.-யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்துவிடலாம். பள்ளிக்கு இதனால் ஒரு புள்ளிகூட ஏறாது. ஜூலைத் தேர்ச்சி மார்ச் விழுக்காட்டில் சேராது என்பதால்தான் இந்த வேலை பல இடங்களில் அனாதையாகக் கிடக்கிறது.

அடுத்த ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்புப் பத்தியை இப்படி எழுதிப் பார்க்கலாம்: "ஐந்தாண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் 48 பேர் சேர்ந்தனர். 5 பேர் மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளியில் பயில்கின்றனர். 4 பேர் எந்தப் பள்ளியிலும் இல்லை. அவர்களில் 2 பேரைத் தனித்தேர்வராக எழுதவைக்கக் குழு முயல்கிறது. புதிதாக 3 பேர் சேர, பட்டியலில் 42 பேர். மார்ச்சில் 40 பேர் எழுதி 37 பேர் தேர்ச்சி. ஜூலைத் துணைத் தேர்வில் மேலும் 4 பேர் தேர்ச்சி. இன்னும் தேற வேண்டியவர் ஒருவர்; பாடம் கணிதம்; அடுத்த தேர்வுக்குச் சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வருகிறார்." வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.